மூலையில்லாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் என் கடைசிப் பையன் ஈர மணலுக்குள் பாதத்தை வைத்து, அதன்மேல் மணலை அள்ளிப் போட்டுத் தட்டித் தட்டி ஒரு வீடு கட்டினான். நீங்களும் கட்டியிருப்பீர்கள். மணலை நன்றாக இறுக்கிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பாதத்தை மெதுவாக வெளியே உருவ வேண்டும். அந்த உருவுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் விளையாட்டே. பாதி வீடுகள் அப்போதுதான் பொசுக்கென்று உட்கார்ந்துவிடும்.

அவன் காலை இழுக்கப் போகையில் நான் என்னை அறியாமல், "மெதுவாடா, மெதுவா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணல் வீட்டுக்கு இவ்வளவு பதற்றமா என்று நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். இதே மாதிரி ஒரு வீட்டிலிருந்து காலை உருவுவதை நான் கிட்டத்தில் நின்று பார்த்தவள். காலுக்குப் பதில் வண்டி வண்டியாக மண். மணலுக்குப் பதில் கான்கிரீட்.

வீடு நின்றது. பையன் குனிந்து அதன் வாசலுக்குள் எட்டிப் பார்த்தான். "இதுக்குள்ள யாரும்மா இருப்பாங்க?"

"நாங்க இருந்தோம்" என்றேன். அவன் நம்பவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அந்த வீடு போய்விட்டது.

யுத்தம் முடிந்த மறு வருஷமோ, அதற்கடுத்த வருஷமோ. மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. சாந்தோமில் என் கணவரின் அக்காள் வீட்டில், பின்கட்டு அறையில் குடியிருந்தோம். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த அறையை நினைத்தால் முதலில் வருவது திராட்சை புளிக்கிற வாசனைதான். எங்கள் கிறிஸ்தவக் கோயில் குடும்பங்களில் விசேஷங்களுக்கு வீட்டிலேயே திராட்சை ரசம் போடுவது வழக்கம். மதுவிலக்கு வருவதற்கு முந்தைய காலம், போலீசைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அண்ணியின் பீங்கான் ஜாடிகள் எங்கள் அறையில்தான் இருந்தன. தொட்டிலுக்கும் ஜாடிகளுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் நாங்கள் படுத்துக்கொள்வோம். புளிக்கிற வாசனை குழந்தைக்கு ஏறி மயக்கம் வருமோ என்று எனக்குச் சந்தேகம். பூசை முடிந்து வரும்போது டாக்டர் மனைவியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மேலும் சில நாள் கவலைப்பட்டேன்.

நான் அப்படித்தான். பள்ளியிறுதி வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நிறுத்தச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அண்ணியின் மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் எங்களவர்கள் கல்யாணம் செய்வதில்லை. அதனால் ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை என்று முடிவு. புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அந்தப் பின்கட்டு அறை வேண்டும். அண்ணி எங்களைக் கிளம்பச் சொல்லவே இல்லை. சொல்கிற ரகமும் இல்லை. மாவு பிசைந்த கையோடு வந்து வாசற்படியில் நின்று, "புதுக் கட்டில இந்தச் செவுத்தோரம் போட்டா ஜன்னல் தொறக்க வருமா? சும்மா பாக்கறேன்" என்பார். மறுநாள் வந்து, "அந்தச் செவுத்தோரம் போட்டா?" என்பார். தொட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

போவதற்கு எங்களிடம் இடம் இருந்தது, வீடுதான் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, அடையாற்றுப் பாலத்துக்கு அப்பால் ஒருவர் தன் மனையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். அதை இவர், என் கணவர், வாங்கிப் போட்டார். துணிச்சல் என்று எண்ணிவிட வேண்டாம். ஓடுவதற்கு எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சாந்தோமில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள். ரயில் ஏறினால் எங்கே இறங்குவது என்று தெரியாமல் இவர் நின்றுவிட்டார். மனை கிடைத்தது.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இவர் டிராயிங் வாத்தியார். யுத்தத்தின்போது பட்டாளத்து ஆபீசில் வரைபடம் நகலெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஒரு படத்தில் பார்த்தாராம்: மண்ணைக் குவியலாகக் கொட்டி, அதன்மேல் கான்கிரீட்டை அப்பி, இறுகிய பிறகு உள்ளே இருக்கும் மண்ணை வெட்டியெடுத்துவிட்டால், கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கிடங்கு. உத்தரம் வேண்டாம், தூண் வேண்டாம், ஓடு வேண்டாம். அன்றைக்கு இரும்புக்குக் கண்ட்ரோல், தேக்கு யானை விலை. சிமெண்டுக்கு மட்டும் எப்படியோ பர்மிட் வாங்கி வைத்திருந்தார். வாத்தியார் சம்பளத்தில் வேறு என்ன வீடு கட்ட முடியும்?

இதை என்னிடம் சொன்ன அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கோழிமுட்டையை எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் நீளவாக்கில் வைத்து அழுத்திக் காட்டினார். முகம் சிவக்க அழுத்தினார். முட்டை உடையவில்லை. "பாத்தியா? ஓடு எவ்ளோ மெலிசு. ஆனா வளைவு தாங்குது. நீ அழுத்திப் பாரு."

நான் வாங்கி லேசாகத்தான் அழுத்தினேன். மஞ்சள் கரு முழங்கை வரைக்கும் வழிந்தது.

"மோதிரம் குத்திடுச்சு" என்றார் இவர். அது உண்மைதான், கல்யாண மோதிரம் ஓட்டில் பட்டிருக்கிறது. ஆனால் குழந்தையோடு எந்த வீட்டில் தூங்கப் போகிறேனோ அந்த வீடு என் கையில் உடைந்ததை நான் எப்படி மறப்பேன்? அன்றே மனதுக்குள் முடிவு செய்தேன்: வீடு கட்டட்டும், பார்க்கலாம். ஆனால் நின்று நிலைத்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் வரை என் குழந்தையை அந்தக் கூரைக்குக் கீழே விடமாட்டேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனைவி இல்லையா.

வேலைக்கு வந்தவர் சைதாப்பேட்டை மேஸ்திரி கன்னியப்பன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, வாய் ஓயாத பேச்சு. அவர் அதுவரை உருண்டையாகக் கட்டியவை கிணறும், ரொட்டிக் கிடங்கு அடுப்பும்தான். படத்தை விரித்துக் காட்டியதும் ஒரே வீச்சில் புரிந்துகொண்டார்.

"இது இன்னா வாத்யாரே, பேக்கிரி அடுப்பு! பெர்சா கீது, அவ்ளோதான். ஜமாய்ச்சிடலாம்."

அதுவரை இடிந்து விழும் என்று மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது வெந்துபோவோம் என்றும் பயப்பட வேண்டியதாயிற்று. "சூடு?" என்று கேட்டேன்.

"உச்சில ஒரு ஓட்டை வுட்டா சூடு எகிறிப்பூடும்மா" என்றார்.

"மழை?"

"அதுக்கு ஒரு மூடி போட்டாப் போச்சு."

"மூடி போட்டால் சூடு எப்படிப் போகும்?"

கன்னியப்பன் இவரைப் பார்த்தார். "வாத்யாரே, ஊட்டம்மா வக்கீலுக்குப் படிச்சாங்களா?"

இருவரும் சிரித்தார்கள். என் கேள்விக்குக் கடைசியில் இவர்தான் வழி கண்டுபிடித்தார். பட்டாளம் கழித்துப் போட்ட சாமான்கள் ஏலத்துக்கு வருமே, டிஸ்போசல் என்பார்கள், அங்கே கப்பல் ஜன்னல் ஒன்று வட்டக் கண்ணாடியோடு கிடைத்தது. திறக்கவும் மூடவும் வசதி. கான்கிரீட்டுக்குள் வைக்கக் கம்பி வலையும் அங்கேயே வாங்கினார். எங்கள் வீட்டில் பாதி, பட்டாளத்துக் கழிவு.

மண் குவிந்தது. மனையிலேயே கிணறு வெட்டிய மண், பிறகு வண்டி மண். நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, இவர் சுற்றிச் சுற்றி வந்து உருண்டை சரிபார்த்தார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் வட்டம் போடுகிற ஆள், முதல்முறையாகத் தன் ஆளுயரத்துக்கு மேல் ஒரு வட்டம் போடுகிறார், சந்தோஷம் தாங்கவில்லை. பெண்ணாட்கள் மண்ணை நனைத்துப் பலகையால் தட்டித் தட்டி வழவழவென்று ஆக்கினார்கள்.

இதை வேடிக்கை பார்க்க அண்ணி ஒரு நாள் ரிக்‌ஷாவில் வந்தார். சுற்றிப் பார்த்தார். "ஏண்டா தம்பி, சட்டியைக் கவுத்து வெச்சு அதுக்குள்ள குடித்தனம் பண்ணப் போறியா? நாங்க வந்தா கரண்டியால தட்டிட்டு உள்ள வரணுமா?" என்று கேட்டார். பிறகு குவியல்மீது கை வைத்தவர், கையை எடுக்கவில்லை. உச்சிவெயிலிலும் நனைந்த மண் சில்லென்று இருந்தது.

அண்ணிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், மூக்கு விடைக்கும். கல்யாணத்துக்கான திராட்சை ரசத்தைக் குளிர்ந்த மண்ணில் புதைத்து, கல்யாண வாரம்தான் எடுப்பார்கள். வழக்கமாகக் கொல்லை மாமரத்தடி. இந்தத் தடவை கொல்லையெல்லாம் பந்தல், விருந்துச் சமையலுக்குக் கோட்டையடுப்பு. புதைக்க இடமில்லை.

"எப்படியும் ஈஸ்டருக்கு அப்புறம் இந்த மண்ண எடுத்துடுவீங்கல்ல?"

"எடுத்துடுவோம்க்கா" என்றார் இவர், யோசிக்காமல்.

அந்த வாரமே இரண்டு ஜாடிகள் துணி கட்டி, அரக்கு வைத்து, குவியலின் நடு வயிற்றில் இறங்கின. அதன்மேல் மறுபடி மண். அண்ணி சிலுவை போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கா, ஜாடிக்கா என்று நான் கேட்கவில்லை.

கான்கிரீட் போட்டது, தபசுகாலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள். நிறுத்தாமல் ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடத்தில் விரிசல் வரும் என்று இவர் சொல்லியிருந்தார். வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். கெட்டியாகக் குழைத்த கலவையைக் கன்னியப்பன் அடை தட்டுவது போல் கம்பி வலைமேல் அறைந்து அப்பினார். கதவு நிலையும் ஜன்னல் சட்டங்களும் முன்பே மண்ணில் செருகப்பட்டிருந்தன. நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசிச் சட்டி ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாக்கும் வைக்கோலும் போட்டு மூடினோம். பார்த்தால் பெரிய வைக்கோற்போர் ஒன்று அடையாற்றுக்கு வழிதவறி வந்தது போலிருந்தது.

அதற்குப் பிறகு வந்தது என் வேலை. கான்கிரீட் காயக்கூடாது, ஈரத்திலேயே இறுக வேண்டும். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மற்றவர்கள் தபசுகால விரதமாகக் கறியையோ காப்பியையோ விட்டார்கள். நான் தபசுகாலம் முழுவதும் தண்ணீர் ஊற்றினேன். இவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, பாலம் தாண்டி இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாக நடப்பேன். குழந்தையைப் புங்க மரத்தடியில் விரித்த பாயில் விட்டுவிட்டு, கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றுவேன். வடக்குப் பக்கம் ஊற்றினேனா? ஊற்றினேன். சரியாக ஊற்றினேனா? பஸ் ஸ்டாப்பு வரை போய்த் திரும்பி வந்து மறுபடி ஊற்றிய நாட்கள் உண்டு. பிறகு, அளவுக்கு மிஞ்சி ஊற்றிவிட்டேனோ, ஊறிப்போய்விடுமோ என்று தூக்கம் வராது.

வழிப்போக்கர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சுள்ளி பொறுக்க வந்த ஒருத்தி புற்று என்று நினைத்து மஞ்சள் வைத்துவிட்டுப் போனாள். வண்டிக்காரர் ஒருவர் யாரோ பெரியவரின் சமாதி என்று தலைப்பாகையைக் கழற்றிக் கும்பிட்டார். மீன் கூடைக்காரி ஒருத்தி மட்டும் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, தெனிக்கும் வந்து இதுக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறியே, மொளைக்குமா?"

"வீடு" என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, தானும் இரண்டு குடம் இறைத்து ஊற்றிவிட்டுப் போனாள்.

ஈஸ்டர் வந்தது. அதற்கடுத்த செவ்வாயோ புதனோ மண்ணை எடுக்க ஆரம்பித்தார்கள். வாசல் வழியாக வெட்டி வெட்டிக் கூடையில் வெளியே கொண்டுவந்தார்கள். கொஞ்ச தூரம் உள்ளே போகும்வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தலைக்குமேல் கான்கிரீட், அதற்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி என்று ஆனதும் வேலை மந்தமாயிற்று. மெல்ல மெல்ல ஒவ்வொருவராக வெளியே வந்து, வியர்வை துடைத்துக்கொண்டு, பீடி பற்றவைத்துக்கொண்டார்கள். நடு மண் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதுதான் கூரையைத் தாங்குகிறது என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. அதை எடுப்பது யார்?

"அடுப்பு கட்டினேன் வாஸ்தவம்" என்றார் கன்னியப்பன். "அடுப்புக்குள்ள ரொட்டிதான் போவும் வாத்யாரே. மேஸ்திரி போவமாட்டான். நான் புள்ளகுட்டிக்காரன்."

"இது விழாது கன்னியப்பா. கணக்குப் போட்டிருக்கேன்."

"அப்ப நீ போ வாத்யாரே."

இவர் போனார். சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாக்கட்டி பிடித்த கை. ஒரு வெட்டுக்கு ஒரு டம்ளர் மண் வந்தது. நான் குழந்தையோடு புங்க மரத்தடியில் நின்று ஜெபமாலையை உருட்டினேன். எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் ஒரே மணியை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் அண்ணியின் ரிக்‌ஷா வந்தது.

"ஜாடி எங்க?" இறங்கும்போதே கேட்டார்.

இவர் வாசலில் தலை நீட்டினார். மீசையெல்லாம் மண். "அக்கா, ரெண்டு நாள் பொறு. ஆளுங்க பயப்படறாங்க."

"சனிக்கெழம கல்யாணம். சம்பந்தி வீட்டுக்கு ரசம் ஊத்தாம மோரா ஊத்துவாங்க? ஏண்டா, இத்தன ஆம்பளைங்க சேந்து ஒரு சட்டிக்குப் பயந்துகிட்டு நிக்கறீங்க?" கொசுவத்தை இழுத்துச் செருகினார். பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவனிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். "எவனும் வரவேணாம். என் ஜாடிய நான் எடுத்துக்கறேன்."

அண்ணி கனத்த உடம்பு. அவர் நடந்தால் சாந்தோம் வீட்டில் அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். அவர் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் கூரையைத்தான் பார்த்தோம். மண்வெட்டி விழும் சத்தம் கேட்டது. இவருடைய வெட்டுக்கும் அண்ணியின் வெட்டுக்கும் இருந்த வித்தியாசம் வெளியிலிருந்தே தெரிந்தது. நடுவில், "டேய், தள்ளுடா, கால வெட்டிடப் போறேன்" என்று தம்பிக்கு ஓர் அதட்டல். கன்னியப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"இன்னாங்கடா பாத்துக்கினு கீறீங்க? பொம்பள போயிட்டாங்க, நமக்கு மானம் கீதா இல்லியா?" என்று, ஏதோ மற்றவர்கள்தான் இவ்வளவு நேரம் தயங்கியது போலக் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

நடு மண் சரிந்தது. கூரை அசையவில்லை. சாயங்காலத்துக்குள் பெரும்பகுதி மண் வெளியே வந்துவிட்டது. அண்ணி ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலைமுடியெல்லாம் மண்ணாக, யுத்தத்தில் ஜெயித்தவர் போல வந்தார். "பிடிம்மா, பிடி, வழுக்குது" என்றார் என்னைப் பார்த்து. குழந்தையைப் பாயில் உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். இரண்டாவது ஜாடியும் வந்தது. அரக்கை உடைத்து மோந்து பார்த்தார். ஒன்று தேவாமிர்தம். மற்றது புளித்துக் காடியாகியிருந்தது. "போவட்டும், பன்னிக்கறி ஊறுகாய்க்கு ஆச்சு" என்றார். ஆட்கள் எல்லோரும் ஜாடியைச் சுற்றி நின்றார்கள். கன்னியப்பனுக்கு ஒரு வாய் கிடைக்குமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஆ!" என்று ஒரு பெருங்குரல். குழந்தைக் குரல்தான், ஆனால் பனைமர உயரமுள்ள குழந்தையின் குரல். திரும்பிப் பார்த்தேன். பாய் காலியாக இருந்தது.

எப்படி ஓடினேன், வாசல் நிலையில் தலை இடித்ததா இல்லையா, ஒன்றும் தெரியாது. உள்ளே என் மகள் நட்டநடுவில் ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தாள். தவழக் கற்றுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. உச்சியிலிருந்த கண்ணாடி வழியாகச் சாயங்கால வெளிச்சம் மங்கலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து, "ஆ!" என்றாள். கூரை, "ஆ!" என்றது. அவள் கையைத் தட்டினாள். கூரையும் தட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, கூரை சிரிக்க, இது போதாதென்று அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடத்தான் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சரி, நானும் ஒருமுறை, மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, "ஆ" என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கும் பதில் வந்தது.

எவ்வளவு நேரமோ. வாசலில் கன்னியப்பன் நின்றார். மீசையில் ரசம். "இன்னாம்மா, உள்ள குந்திக்கினு கீறே? பயம் பூட்ச்சா?"

அப்போதுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தேன்.

பூசுகிற வேலை அதிகம் மிச்சமில்லை. உள்ளே கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தோம். வெளியே மழை இறங்காமலிருக்க, உடைந்த பீங்கானைச் சுண்ணாம்பில் பதித்தோம். விலைக்கு வாங்க வழியில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் அண்ணி அறிவிப்புப் போலச் சொல்லிவிட்டார்: ஒடஞ்ச தட்டு, கோப்பை எதுவா இருந்தாலும் தம்பி வீட்டுக் கூரைக்குக் குடுங்க. பிறகு யார் வந்தாலும் வீட்டுக்குள் நுழையாமல் முதலில் கூரையைச் சுற்றி வருவார்கள். "அதோ, எங்க அப்பா ஒடைச்ச கோப்பை!" என்று கத்துவார்கள். எங்கள் கூரையில் சாந்தோமின் பல வருஷத்துச் சண்டைகள் பதிந்திருந்தன.

வீட்டை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "நாலு மூலையிலயும் தெளிக்கணும். மூலை எங்கம்மா?"

இவர் சங்கடத்தோடு, "இல்லீங்க சாமி" என்றார். சாமியார் கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவரோரமாகவே ஒரு முழுச் சுற்று தெளித்துக்கொண்டு வந்தார். முடியும் இடத்துக்கு வந்ததும் எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாமல் இன்னொரு சுற்றும் வந்துவிட்டார். இரட்டை ஆசீர்வாதம் என்று அண்ணி சொன்னார்.

மூலை இல்லாத வீட்டில் குடித்தனம் பழகுவது வேடிக்கை. அலமாரியைச் சுவரோரம் வைத்தால் பின்னால் பூனை குட்டி போடும் அளவுக்கு இடைவெளி. இயேசுவின் திரு இருதயப் படம் சுவரின் வளைவோடு முன்னால் சாய்ந்தே தொங்கியது. ஆண்டவர் எங்கள் இலையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பது போலிருக்கும். மகள் வளர்ந்து சேட்டை செய்தபோது, "மூலையில போய் நில்லு" என்று சொல்ல வழியில்லை. சொன்னால் சுவரோரம் சுற்றிச் சுற்றி ஓடுவாள். "மூலையைத் தேடறேம்மா!"

அந்த வீட்டுக்கு இன்னொரு குணம் இருந்தது. இந்தப் பக்கச் சுவரோரம் கிசுகிசுத்தால், எதிர்ப்பக்கச் சுவரோரம் இருப்பவர் காதில் தெளிவாக விழும். நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. அண்ணிக்கு இது தெரியாது. ஒருநாள் தன் புது மருமகளைச் சுவரோரம் அழைத்துப் போய் ரகசியம் பேசினார். எதிர்ப்பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. "இவளுக்குக் கொழம்புக்கு உப்பு போடத் தெரியாது. எதுக்கெடுத்தாலும் பயம். ஆனா புள்ள வளக்கறத இவகிட்ட கத்துக்க." நான் முறத்தை நிறுத்திவிட்டேன். அன்று குழம்பில் உப்பு எவ்வளவு போடுவது என்று கை தடுமாறியது. நிறையப் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மத்தியானங்களில் குழந்தையை அந்தப் பக்கம் தூங்கப் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் தையல் வேலையோடு உட்காருவேன். சாந்தோமில் இருந்தபோது தொட்டிலருகே போய், மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். வந்து உட்கார்ந்ததும் மறுபடி எழுவேன். இங்கே எழ வேண்டியதில்லை. அவள் மூச்சு சுவரேறி, கூரையைச் சுற்றி, என் காதுக்கு வந்துவிடும். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. தூக்கத்தில் அவள் வாய் சப்புவதுகூடக் கேட்கும். ஒரு கை தைத்துக்கொண்டிருக்கும், ஒரு காது கேட்டுக்கொண்டிருக்கும். எல்லோரும் பயந்தாங்கொள்ளி என்று சொன்ன ஒருத்தி வாழ்க்கையில் அதிகம் பயப்படாமல் இருந்த வருஷங்கள் அவைதான். இடிந்து விழும் என்று நான் நினைத்த வீட்டுக்குள்.

பிறகு இன்னொரு குழந்தை, பிறகு மற்றொன்று. ஓர் உருண்டைக்குள் எத்தனை பேர் படுப்பது? அடையாற்றில் சவுக்குத் தோப்புகள் போய்த் தெருக்கள் வந்தன. புது வீட்டுக்கு இவரே வரைபடம் போட்டார், நேர்க்கோடுகளாக. பழையதை உடைக்க வந்தவர்கள் சம்மட்டியால் அடித்தார்கள். சம்மட்டி எகிறித் திரும்பியது. "இன்னாத்தால கட்டினீங்க சார் இத்த?" என்று கேட்டார்கள். இவர் பெருமையோடு, "முட்டை" என்றார். அவர்களுக்குப் புரியவில்லை. கூரை கடைசியில் விழுந்தபோது உள்ளே நின்று யாராவது கத்தியிருந்தால் அது என்ன பதில் சொல்லியிருக்கும் என்று, போகாத ஊருக்கு வழி கேட்பது போல, நான் இன்னும் யோசிப்பதுண்டு.

இப்போது எங்கள் வீட்டில் மூலைகளுக்குப் பஞ்சமில்லை. ஒட்டடை அடிக்க இடுப்பு ஒடிகிறது. அலமாரிகள் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. ஆண்டவர் நேராகத் தொங்குகிறார், இலையை எட்டிப் பார்ப்பதில்லை. மூத்தவள் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்குத் தனி அறை, உள்ளே தாழ்ப்பாள். மத்தியானம் அவள் படிக்கிறாளா, தூங்குகிறாளா, அழுகிறாளா, தெரியாது. சில நாள் கதவருகே போய் நின்று காது கொடுத்துப் பார்க்கிறேன். மரத்தின் வாசனைதான் வருகிறது. திடீரென்று அவள் கதவைத் திறந்து, "என்னம்மா?" என்பாள்.

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்" என்பேன்.

"வேணாம்மா" என்பாள். கதவு மூடிக்கொள்ளும். என் பக்கத்துச் சுவரோரம் வந்து உட்கார்ந்து, தையலை எடுத்து வைத்துக்கொள்வேன். ஊசி கோப்பதற்கு முன், பழக்கத்தில், சுவர் வழியாக மூச்சு வருகிறதா என்று கொஞ்ச நேரம் கேட்டுப் பார்ப்பேன்.